உழைக்குமா, மாற்றித் தருவார்களா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பைனாகுலர் வாங்குவது பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். "வாரண்டியைப் பார்த்து மயங்காதீர்கள்" என்று அதில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஊட்டியில் நாற்பது வருஷம் கேமராவும் பைனாகுலரும் பழுது பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த முறை எல்லாக் கேள்வியும் இதே விஷயம்தான்.

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் தம்பி அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் கிரீன் கார்டு வாங்கி வேலையில் இருக்கிறான். கூட வேலை பார்ப்பவர்களோடு இந்த வருஷம் லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகப்போகிறான். ரைபிளில் மாட்ட ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்க வேண்டுமாம். ஒன்று விலை குறைவு, எப்படி உடைந்தாலும் ஆயுள் முழுக்க மாற்றித் தருவார்களாம். இன்னொன்று கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விலை, வாரண்டி சில வருஷம்தான், ஆனால் கெட்டியானது, லேசில் கெடாது என்கிறார்கள். "அக்கா, நீ படிக்கிற பத்திரிகையில் கேட்டுச் சொல்" என்கிறான். எதை வாங்கச் சொல்லட்டும்?

கெட்டியானதை வாங்கச் சொல்லுங்கள் அம்மா. ஆனால் அது கெட்டி என்று யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று விசாரித்த பிறகு.

நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. ரைபிள் கிளப் ஆட்கள் கொண்டுவந்த ஸ்கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஸ்கோப் எப்படிக் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும். கண்ணாடி உடைவது ரொம்ப அபூர்வம். வெளியே தெரிகிற குழாய்க்குள்ளே இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது, தலைகீழான பிம்பத்தை நேராக்குகிற லென்ஸ்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேலே ஒரு திருகும் பக்கத்தில் ஒரு திருகும் அந்தக் குழாயைத் தள்ளும், எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதைத் திருகுகளோடு ஒட்டிப் பிடித்திருக்கும். குறியைச் சரிசெய்வது என்பது இந்தச் சின்னக் குழாயை மயிரிழை நகர்த்துவதுதான். வழக்கமான ஸ்கோப்பில் ஒரு கிளிக் திருப்பினால் 100 கெஜத்தில், அதாவது சுமார் 91 மீட்டரில், குண்டு படுகிற இடம் கால் அங்குலம் நகரும், நம் கணக்கில் 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு நுணுக்கமான அமைப்பு ஒவ்வொரு முறை சுடும்போதும் ரைபிளின் உதையை வாங்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ திருகின் மரை தேய்ந்தாலோ குழாய் பழைய இடத்துக்கு வந்து உட்காராது.

இதில் கொடுமை என்னவென்றால், கெட்டது வெளியே தெரியாது. எடுத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும், குறுக்குக்கோடு மானின் முன்கால் தோளுக்குப் பின்னால் சரியாக நிற்கும், குண்டு மட்டும் வயிற்றில் போய்ப் பாயும். அந்த மான் அங்கேயே விழாது, ஓடிப்போய் எங்கோ ஒரு புதருக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும். வேட்டை சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை, ஆனால் சுடுவது என்று முடிவெடுத்தவன் அந்த உயிரை இழுத்தடிக்கக் கூடாது. கம்பெனி பிறகு புது ஸ்கோப் அனுப்பலாம், அந்த மானுக்கு அதனால் ஒன்றும் இல்லை. வாரண்டியைவிட உழைப்பு முக்கியம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், பணக் கணக்கெல்லாம் இதற்கு அப்புறம்.

அதற்காக வாரண்டி வெறும் பேச்சு என்று சொல்லவில்லை. விஸ்கான்சின் மாநிலத்து வோர்டெக்ஸ் கம்பெனியின் வாரண்டியை எடுத்துக்கொண்டால், ரசீது கேட்பதில்லை, வாரண்டி அட்டை கேட்பதில்லை, கைமாறி வாங்கியவருக்கும் செல்லும், கீழே போட்டு உடைத்தாலும் செல்லும். தொலைந்துபோனது, திருடுபோனது, வேண்டுமென்றே உடைத்தது, வேலையைப் பாதிக்காத கீறல் இவற்றுக்குத்தான் இல்லை. ஆரிகன் மாநிலத்து லூபோல்டும் இரண்டாவது மூன்றாவது கைக்குப் போன ஸ்கோப்பைக்கூடச் சரிசெய்து தருகிறது. உங்கள் தம்பி அதே நாட்டில் இருப்பதால் இதெல்லாம் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வாக்குறுதிதான். பார்சல் போட்டால் போய்ச் சேரும், திரும்பியும் வரும்.

எப்போது வரும் என்பதுதான் கேள்வி. மொன்டானாவில் ரைபிளோடு மான் வேட்டைக்குப் போகும் பொதுப் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்தே வாரம், தேங்ஸ்கிவிங் பண்டிகை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு சரி. இரண்டாவது வாரத்தில் ஸ்கோப் கெட்டால் அனுப்பி, அவர்கள் பார்த்து, திரும்பி வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். லீவு போட்டு, கூடாரம் தூக்கி, பனியில் நான்கு மைல் நடந்து போனவனுக்கு வாரண்டி அடுத்த வருஷத்துக்கான ஸ்கோப்பைத்தான் தரும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வேட்டைக்காரர்களில் நிறையப் பேர் வருஷத்துக்கு இருபது முப்பது குண்டுக்கு மேல் சுடுவதில்லை. அப்படி உபயோகிக்கிறவனிடம் சுமாரான ஸ்கோப்கூடப் பல வருஷம் பிரச்சினை காட்டாது. ஆகவே சுமாரான சரக்குக்கும் ஆயுள் வாரண்டி கொடுப்பது ஒரு கம்பெனிக்குப் பெரிய நஷ்டமாக இருக்க வேண்டியதில்லை, அந்தச் செலவை விலையிலேயே ஏற்றிவிடலாம். நீண்ட வாரண்டி இருப்பதால் பொருள் கெட்டி என்று நினைத்துக்கொள்கிறோமே, அந்த முடிச்சு நாம் போட்டுக்கொள்வது. இரண்டும் சேர்ந்தே இருக்கிற நல்ல கம்பெனிகளும் உண்டு. ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்கக் கூடாது.

சரி, கெட்டியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "கண்ணாடி என்ன தெளிவு" என்று புகழ்பவர்களை விட்டுவிட்டு, ஒரே ஸ்கோப்பில் சில ஆயிரம் குண்டு சுட்டவர்களைத் தேடச் சொல்லுங்கள். கீழே விழுந்த பிறகு குறி நின்றதா, ஜீப்பில் குலுங்கிய பிறகு நின்றதா என்று அவர்களிடம் கேட்கட்டும். வாங்கிய பிறகு, கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குள்ளேயே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். 100 கெஜத்தில் குறி சரிசெய்து மூன்று குண்டு சுடட்டும். அப்புறம் மேல் திருகை 20 கிளிக் ஏற்றி மூன்று, வலப்பக்கம் 20 கிளிக் போய் மூன்று, கீழே 20 இறக்கி மூன்று, இடப்பக்கம் 20 திரும்பி வந்து மூன்று. ஒவ்வொரு பக்கமும் சுமார் ஐந்து அங்குலம் இருக்கிற சதுரம் தாளில் விழ வேண்டும், கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே போய்ச் சேர வேண்டும். சேரவில்லையா, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தச் சோதனையில் செலவாகும் பதினைந்து குண்டு எந்த வாரண்டியைவிடவும் பெரிய பாதுகாப்பு என்பேன்.

ஆனால் ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன்னால் அதைப் பிடித்திருக்கும் ரிங்கைப் பார்க்க வேண்டும். "ஸ்கோப் போயிடுச்சு" என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை, ரிங் திருகு தளர்ந்திருந்தது அல்லது ரிங்கைத் தாங்கும் அடிப்பாகமான மவுண்ட் ரைபிளோடு சரியாக உட்காரவில்லை. ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் முறுக்கு அளவு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு. அதை அளந்து முறுக்கும் டார்க் ஸ்க்ரூ டிரைவர் தனியாகக் கிடைக்கிறது, கை ஊகத்தில் முறுக்கக் கூடாது. அதிகமாக முறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே இருக்கிற சின்னக் குழாய் சிக்கிக்கொள்ளும். பிறகு வாரண்டியில் அனுப்பினால் "நீங்கள்தான் நசுக்கினீர்கள்" என்று பேச்சு வரும்.

அந்த ஒன்றரை மடங்கு விலை கைக்கு எட்டவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. நல்ல கம்பெனியின் சாதாரண ஸ்கோப்பாகப் பார்க்கட்டும், 3–9×40 (பெருக்கம் 3 முதல் 9 மடங்கு, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) போதும், மான் பெரும்பாலும் 200 கெஜத்துக்குள்தான் சுடப்படுகிறது. 4 மடங்கு அல்லது 6 மடங்கு என்று ஒரே பெருக்கம் உள்ளதில் உள்ளே நகரும் பாகமே குறைவு, கெடுவதற்கும் குறைவு. அதே விலையில் பெரிய முன்கண்ணாடி, 24 மடங்கு பெருக்கம், பேட்டரி விளக்கு எல்லாம் சேர்ந்து வருகிறது என்றால் எதிலோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பேட்டரி, விளக்கு போன்ற மின் பாகங்களுக்குப் பல கம்பெனிகள் ஆயுள் வாரண்டியும் தருவதில்லை, சில வருஷத்தோடு சரி. பெரிய கண்ணாடி என்றால் எடை அதிகம், எடை கூடினால் உதை வரும்போது ரிங்கும் திருகும் தாங்க வேண்டியதும் அதிகம்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கிற கதை ஒன்று இதில் இருக்கிறது. லூபோல்ட் கம்பெனி முதலில் நில அளவைக் கருவிகள் செய்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மார்கஸ் லூபோல்ட் வேட்டைக்குப் போனபோது ஸ்கோப்புக்குள் நீராவி படிந்து மான் தப்பிப்போனது, இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று கிளம்பினார் என்பார்கள். 1947-ல் அவர்களுடைய முதல் ஸ்கோப் வந்தது. குழாயிலிருந்து ஈரக்காற்றை எடுத்துவிட்டு உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி மூடுவது இன்று எல்லா நல்ல கம்பெனியிலும் வழக்கம். மூடுபனிக்குள்ளேயே வளர்ந்த உங்கள் தம்பிக்கு அந்த மார்கஸின் கோபம் நன்றாகவே புரியும். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நைட்ரஜன் உள்பக்கத்தைத்தான் காக்கும். கடுங்குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் வெளிக்கண்ணாடி வியர்க்கத்தான் செய்யும், அது பழுது இல்லை, துடைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அவர் லீவுக்கு ஊருக்கு வரும்போது இந்தப் பழக்கம் அங்கேயே இருக்கட்டும். நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கடமானோ காட்டுப்பன்றியோ நம் தேயிலைக்குள்ளேயே வந்து நின்றாலும் நாமாகத் துப்பாக்கி எடுக்க முடியாது. வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

குன்னூரிலிருந்து ஒரு தந்தை: சார், பையன் ஏர் ரைபிளில் பயிற்சி எடுக்கிறான். பெரிய ரைபிளுக்கே தாங்கும் என்று சொல்லி ஒரு ஸ்கோப் வாங்கி மாட்டினோம். மூன்று வாரத்தில் குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. பெரிய உதையைத் தாங்குகிறது, இந்தச் சின்னத் துப்பாக்கியில் எப்படிப் போகும்? ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. உங்கள் பையனுடையது ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிளாக இருக்க வேண்டும். அதில் விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும். ஒரே நொடிக்குள் இரண்டு பக்க அடி. பெரிய ரைபிள் ஸ்கோப்பை ஒரு பக்க உதைக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டியிருப்பார்கள், எதிர்த்திசை இழுப்பில் உள்ளே லென்ஸைப் பிடித்திருக்கிற வளையம் தளர்ந்துவிடும். ஏர் ரைபிளுக்கு என்று எழுதியிருக்கிற ஸ்கோப்பைத்தான் வாங்க வேண்டும், கிட்டத்திலேயே, 10 மீட்டரிலேயே, தெளிவாகப் பார்க்க வசதியும் அதில்தான் இருக்கும். வாரண்டி விதியில் "ஸ்பிரிங் ஏர் ரைபிள்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள், சில கம்பெனிகள் அதை விலக்கிவிடுகின்றன. எந்தத் துப்பாக்கியில் மாட்டப்போகிறோம் என்று கடையில் சொல்லி, பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

பையன் போட்டிக்குப் போகும் எண்ணத்தில் இருந்தால் இன்னொன்று: 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது, துளை வைத்த சைட்டில்தான் சுட வேண்டும். அந்தப் பணத்தை நல்ல சைட்டுக்கும் பயிற்சிக்கும் போடுங்கள். 2016-ன் ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனாலேயே நம் ஊரில் இது நிறைய வீட்டுக்கு வந்துவிட்டது. குருவியைக் குறிபார்ப்பது அதிலும் குற்றம்தான். பையனிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு விவசாயி: அண்ணா, எங்கள் பக்கம் யானை நடமாட்டம் அதிகம். காலையில் தோட்டத்துக்கு ஆள் இறங்குவதற்கு முன்னால் மேட்டிலிருந்து பார்க்க ஒரு 10×50 பைனாகுலர் ஆன்லைனில் வாங்கினேன். மூன்று வருஷ வாரண்டி. ஜூன் மழையில் ஒரு வாரம் உபயோகித்தேன், உள்ளே வெள்ளையாகப் படிந்துவிட்டது. "வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றுதான் போட்டிருக்கிறோம், ஈரத்துக்கு வாரண்டி இல்லை" என்கிறார்கள். என்ன செய்வது?

இது நம் மலையில் பலபேர் மாட்டிக்கொள்கிற இடம் தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றால் நாலு துளி சாரலைத் தாங்கும், அவ்வளவுதான். வாட்டர் ப்ரூஃப் என்றால் இணைப்புகளில் எல்லாம் ரப்பர் வளையம் வைத்து, நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி மூடியிருக்க வேண்டும். அதில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்று பொருள். உங்களுடையது அநேகமாகப் பழைய பாணி, நடுச்சக்கரத்தைத் திருப்பினால் கண் வைக்கும் பக்கம் முன்னும் பின்னும் நகரும். நகரும் ஒவ்வொரு முறையும் அது சின்னப் பம்பு மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஜூன் மாதத்துக் கூடலூர்க் காற்றில் என்ன இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. சமவெளிக்காரருக்குக் கண்ணாடியின் தெளிவு முதலில் வரட்டும், நமக்கு ரப்பர் வளையம்தான் முதலில்.

இப்போது செய்ய வேண்டியது: அதைத் திறக்காதீர்கள், அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் நிறைய சிலிகா ஜெல் போட்டு அதற்குள் வையுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் நீராவி போய்விடும். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்த இரண்டு பேரை எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டில் கேமரா பால் பவுடர் டப்பாவுக்குள்தான் இருக்கும், மூடியைச் சுற்றி டேப், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். நீல நிற ஜெல் ஈரம் குடித்து ரோஸ் நிறமானதும் சூடாக்கி மறுபடி உபயோகிக்கலாம், ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, சமையல் பாத்திரத்தில் மட்டும் சூடாக்க வேண்டாம். ஈரம் போன பிறகும் சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. விட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், உடனே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வாங்கிய பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் எங்காவது வாட்டர் ப்ரூஃப் என்றோ மழையில் உபயோகிக்கலாம் என்றோ இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் 2019-ன் நுகர்வோர் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

அடுத்து வாங்கும்போது 8×42 வாங்குங்கள், மூடிய வகையில். முன்கண்ணாடி அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-ல் அது 5.25 மில்லிமீட்டர், உங்கள் 10×50-ல் 5. விடிகாலை வெளிச்சத்துக்கு இரண்டும் ஒன்றுதான், எடை மட்டும் குறையும், கை நடுக்கமும் எட்டில் குறைவாகத் தெரியும். யானை நிற்கிறதா இல்லையா என்று பார்க்கிற வேலையில் உங்கள் வீட்டு ஆட்களின் உயிர் இருக்கிறது, அதனால் இதில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பார்க்க வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து ஒரு பறவை ஆர்வலர்: மச்சான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். அதே மாடல் இங்கே விலை கூட. ஆயுள் வாரண்டி என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வாரண்டியே இல்லை என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். அந்த நினைப்பிலும் விலை கட்டுபடியாகிறது என்றால் சரி.

பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். உலகம் முழுக்கச் செல்லும் என்கிறவர்களிடமும் பொருளை அவர்கள் நாட்டுக்கு நம் செலவில் அனுப்ப வேண்டியிருக்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். லாங்வுட் சோலையில் நீலகிரிச் சிரிப்பான் பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் பைனாகுலரின் வலப்பக்கம் குவியாமல் நின்றுவிட்டது. ஆயுள் வாரண்டி உள்ளது. கடல் கடந்து அனுப்பினேன், கூரியர் செலவே மனதை உறுத்தியது. அவர்கள் ஒரு குறையும் இல்லாமல் சரிசெய்து அனுப்பினார்கள், ஆனால் திரும்பி வரும்போது புதுப்பொருள் என்று கணக்குப் போட்டு சுங்க வரி கேட்டார்கள். பழுது பார்க்கத்தான் அனுப்பினேன் என்பதற்கு என்னிடம் தாள் இல்லை. அனுப்பும்போதே அப்படி எழுதி, சீரியல் எண்ணைக் குறித்து, முத்திரையோடு நகல் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் கையில் கருவி இல்லாமல், நீலகிரி ஈப்பிடிப்பான் ஜன்னலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தபோதுகூட வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கோத்தகிரி அம்மாவின் தம்பிக்கு வாரண்டி நூற்றுக்கு அறுபது மார்க் என்றால் நமக்கு அது இருபது மார்க்கூடத் தேறாது என்று நான் சொல்வது இதனால்தான். வாரண்டியின் மதிப்பு நாம் நிற்கிற இடத்துக்கும் அவர்களுடைய ஒர்க் ஷாப்புக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. இங்கே கொஞ்சம் விலை கூடக் கொடுத்து, இந்திய இறக்குமதியாளரின் பில்லோடு வாங்கினால் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் போதும். வாங்கும் முன் ஒரு போன் போட்டு "உங்களிடமே ரிப்பேர் நடக்கிறதா, இல்லை வெளிநாட்டுக்குத்தான் போகுமா" என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்: அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய ஜெனா 8×30 பைனாகுலர் வீட்டில் இருக்கிறது. இன்றைக்கும் தெளிவாகத்தான் தெரிகிறது, ஆனால் ஒரு முறை மேஜையிலிருந்து விழுந்த பிறகு கொஞ்ச நேரம் பார்த்தாலே தலை வலிக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு வாரண்டியோடு புதிதாக வாங்கலாமா?

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஜெனா கிழக்கு ஜெர்மனியில் இருந்த ஊர். அந்த நாடே 1990-ல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்துவிட்டது, அன்றைக்கு எழுதிக் கொடுத்த வாரண்டியை இன்றைக்கு நீட்டினால் வாங்கிப் பார்க்க ஆள் கிடையாது. கருவி மட்டும் உங்கள் அலமாரியில் நிற்கிறது. திருகு போட்டுக் கட்டியது, பசை போட்டு ஒட்டியது அல்ல, அதனால் திறந்து சரிசெய்ய முடியும். உங்கள் ஊர் சூரிய ஆய்வகம் 1899-ல் வந்தது, 1904 முதல் அங்கே நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். கண்ணாடிக் கருவி அத்தனை காலம் உழைக்கிறது என்றால் அதைத் துடைத்து, உலர்த்தி, சரிபார்க்கிற கை பக்கத்திலேயே இருப்பதால்தான்.

தலைவலிக்குக் காரணம் கண் அல்ல. விழுந்ததில், உள்ளே படத்தை நேராக்குகிற கண்ணாடிக் கட்டியான பிரிசம் ஒன்று நகர்ந்து இரண்டு குழாயும் வேறு வேறு இடத்தைப் பார்க்கின்றன, இரண்டு படத்தையும் ஒன்றாக்க உங்கள் கண் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. சோதிக்க வேண்டுமானால் தூரத்து மின்கம்பி ஒன்றைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் பின்னால் எடுங்கள், கம்பி இரண்டு வட்டத்திலும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்றால் பிரிசம் விலகியிருக்கிறது. இதைச் சரிசெய்யத் தெரிந்த பழைய கேமரா மெக்கானிக் மதுரையிலோ கோவையிலோ இன்னும் இருப்பார்கள். "பைனாகுலர் அலைன்மென்ட்" என்று சொல்லுங்கள், கூடவே உள்ளே துடைத்து நடுச்சக்கரத்துக்குப் புது கிரீஸ் போடச் சொல்லுங்கள், பழைய கிரீஸ் இறுகியிருக்கும்.

இந்த மாடல் மழைக்கு ஆகாது, வட்டக்கானல் மூடுபனிக்குள் எடுத்துப் போகாதீர்கள். வெயில் நாளில் பேரிஜம் ஏரிக்கரைக்கு எடுத்துப் போகலாம். அப்பாவின் தோல் பெட்டியைத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சை முதலில் அங்கேதான் வளரும், பைனாகுலர் அதற்குள் இருக்க வேண்டாம்.